வீட்டுப் பழமரங்களும் அவற்றுக்கு வரும் பின்னடைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சுற்றியுள்ள சிறிய நிலத்தில் மா, கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சப்போட்டா, பப்பாளி முதலிய மரங்களை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மருந்தின் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். மரம் ஏன் அப்படி ஆயிற்று என்று கண்டறிவதற்கு முன்பே தெளிக்கப்படும் மருந்து, பல நேரங்களில் நோயைவிடக் கூடுதலான கேட்டைச் செய்துவிடுகிறது. ஆகவே கீழே உள்ள விடைகளில் எதைத் தெளிப்பது என்பதைவிட, எங்கே பார்ப்பது, எதைத் தோண்டிப் பார்ப்பது, எப்போது ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது என்பவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விதை போட்டு வளர்க்கலாமா, ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டுமா?

இது மரத்துக்கு மரம் மாறும். ஒட்டுக்கன்று என்பது ஒரு செடியின் வேர்ப்பகுதியின் மேல் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டி வளர்த்த கன்று. பப்பாளியை விதையிலிருந்துதான் வளர்க்கிறார்கள். எலுமிச்சை விதைகளில் பெரும்பாலானவை தாய்மரத்தைப் போன்ற கன்றுகளையே தருவதால், சில ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருக்கும் பொறுமை உள்ளவர் விதை போடலாம். மாவும் சப்போட்டாவும் அப்படியல்ல. சுவையான மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே சுவை வரும் என்று நம்பி எட்டு ஆண்டுகள் காத்திருந்து, புளிப்பும் நாரும் மிகுந்த காயைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் ஏராளம். ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் விடும் சில மா வகைகள் தாயைப் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்றாலும், வீட்டில் ஒன்றிரண்டு மரங்களுக்கு மட்டுமே இடம் உள்ளவர் அந்தச் சோதனையில் இறங்காமல் ஒட்டுக்கன்று வாங்குவதே நல்லது. ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும். மாதுளைக்கும் கொய்யாவுக்கும் பதியன் போட்ட கன்று, அதாவது தாய்மரக் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்த கன்று, போதும்.

கன்று வாங்கும்போது உயரமானதைத் தேடாதீர்கள். ஒட்டுப்பகுதி நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பையின் அடியில் வேர்கள் சுருண்டு சுற்றிக் கிடக்கும் கன்றை, அது எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும், ஒதுக்கிவிடுங்கள். சுருண்ட வேர் நிலத்தில் இறங்கிய பிறகும் சுருண்டே பருத்து, சில ஆண்டுகள் கழித்து மரத்தையே நெரிக்கக்கூடும்.

ஒட்டுக்கன்று நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இலைகள் முன்பு இருந்ததைப் போல் இல்லை. கன்று மாறிவிட்டதா?

கன்று மாறவில்லை, அடியில் இருந்த வேர்ச்செடி மேலே வந்துவிட்டது. ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகள் சேர்ந்தது. ஒட்டுப்பகுதிக்குக் கீழே துளிர்க்கும் ஒவ்வொரு போத்தும் வேர்ச்செடிக்குச் சொந்தமானது, பெரும்பாலும் மேலே உள்ள ஒட்டைவிட வேகமாக வளர்வது. அதைச் செழிப்பு என்று எண்ணி விட்டுவைத்தால், ஓரிரு ஆண்டுகளில் ஒட்டுக்கிளை நலிந்து காய்ந்துவிடும். மேலே ஒட்டுக்கிளை இன்னும் உயிரோடு இருந்தால் கீழ்ப்போத்துகளைத் தண்டோடு ஒட்டி வெட்டிவிடுங்கள், மரம் மீண்டுவிடும். ஒட்டுக்கிளை முற்றிலும் காய்ந்திருந்தால், எஞ்சியிருக்கும் வேர்ச்செடியின் மேல் நல்ல ரகத்தின் குச்சியைக் கொண்டு மறுபடியும் ஒட்டுக் கட்டலாம்.

நடுவதற்குக் குழி எவ்வளவு ஆழம் வேண்டும்?

மாவுக்கும் சப்போட்டாவுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 90 செ.மீ. என்றும், கொய்யா, எலுமிச்சை, மாதுளை ஆகியவற்றுக்கு 60 செ.மீ. என்றும் கொள்ளலாம். ஆனால் அளவைவிட முக்கியமான ஒரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. குழி வெட்டியதும் அதை நீரால் நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். நீர் முழுவதும் இறங்காமல் நின்றால் அந்த இடத்தில் குழியில் நடக்கூடாது. மண்ணை மேடாகக் குவித்து அந்த மேட்டின் மேல் நட வேண்டும். களிமண்ணில் வெட்டிய ஆழமான குழி ஒரு தொட்டியைப் போல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் எவ்வளவு நல்ல எருவை இட்டாலும் வேர் மூச்சுவிட முடியாது.

நடும்போது பையில் கன்று எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நிற்க வேண்டும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த என் எலுமிச்சை மரத்துக்கு நன்மை செய்வதாக எண்ணி, தொழுவுரத்தையும் சருகையும் தண்டைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் குவித்து வைத்தேன். சில மாதங்களில் தண்டின் அடியில் பிசின் வடிந்தது, பட்டை மிருதுவாகி உரிந்தது, இலைகள் மஞ்சளாயின. நான் இலைகளுக்கு உரக்கரைசல் தெளித்துக்கொண்டே இருந்தேன். அடியில் குவித்ததை விலக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. பட்டை சுற்றிலும் அழுகி மரம் பட்டுப்போன பிறகுதான் காரணம் புரிந்தது. எலுமிச்சை வகை மரங்களில் ஈரம் தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் மண்ணில் வாழும் அழுகல் நோய்க்கிருமி பட்டைக்குள் நுழைந்துவிடும். மண்ணை இப்படிச் சருகால் மூடும் மூடாக்கு மிக நல்லது, ஆனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு இடப்பட்டால் மட்டுமே.

தினமும் தண்ணீர் விடுகிறேன். இருந்தும் செடி வாடுகிறது. ஏன்?

தினமும் விடுவதால்தான் வாடக்கூடும். நீர் போதாத செடியும் வாடும், நீரில் வேர் அழுகிய செடியும் வாடும். இலையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டு ஈரம் கையில் ஒட்டினால் நீர் விட வேண்டாம். உதிர்ந்தால் விடுங்கள். வேர் கருத்து, தொட்டால் தோல் கழன்று வந்தால், நீரை உடனே நிறுத்தி வடிகால் வெட்ட வேண்டும்.

நீரைத் தண்டின் அடியில் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வளர்ந்த மரத்தின் சல்லி வேர்கள் கிளைகளின் நிழல் விழும் விளிம்பை ஒட்டியே அதிகம் பரவியிருக்கும். நீரும் உரமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். நாள்தோறும் சிறிது நீர் விட்டால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு நிறைய விட்டால் அவை ஆழமாக இறங்கும்.

மரம் நிறையப் பூத்தது. ஆனால் பூவும் பிஞ்சும் உதிர்ந்து ஒன்றும் மிஞ்சவில்லை. என்ன செய்வது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில், எவ்வளவு உதிர்வது இயல்பு என்று தெரிந்துகொள்வது நல்லது. மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள்; அவை காயாகவே ஆகா. இருபால் பூக்களிலும் நூற்றில் ஒன்றுகூட முதிர்ந்த காயாக நிலைப்பதில்லை. ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு காய்கள் நின்றாலே மரம் தாங்கக்கூடிய அளவுக்குக் காய்த்துவிட்டது என்று பொருள். மாதுளையிலும் அடிப்பகுதி குறுகி மணியைப் போலத் தோன்றும் பூக்கள் ஆண் பூக்கள். அவை உதிர்ந்தே தீரும். அடி பருத்துக் குடத்தைப் போலிருக்கும் பூக்களே காயாகும். பலாவில் கருத்து உதிரும் சிறு பிஞ்சுகளைக் கண்டு பதறுபவர்களும் உண்டு. அவற்றில் பல வேலை முடிந்த ஆண் பூக்கதிர்களே.

இயல்புக்கு மீறி உதிர்ந்தால், பூத்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவுகூருங்கள். மா பூப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் அதற்கு நீர் வேண்டியதில்லை. அப்போது நீர் விட்டால் பூவுக்குப் பதிலாகத் தளிர் வரும். பூத்து, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகே நீரைத் தொடங்க வேண்டும். அதுவரை காய்ந்து கிடந்த மண்ணில் ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சினாலும் பிஞ்சு உதிரும். இரண்டாவதாக, பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து தெளித்தீர்களா? மாம்பூவில் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் வேலையில் பெரும்பங்கு ஈக்களுடையது, தேனீக்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவற்றைக் கொன்றபின் காய்க்கு என்ன வழி இருக்கிறது?

அடுத்து, பூங்கொத்தை அருகில் சென்று பாருங்கள். நெருங்கும்போது ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் தத்திப் பறந்து, இலைகளில் பிசுபிசுப்பு தெரிந்தால் அது தத்துப்பூச்சி. கொத்தின் மேல் வெண்மாவு படர்ந்திருந்தால் சாம்பல் நோய். பூவும் காம்பும் கரும்புள்ளிகளோடு கருகினால், மழையும் பனியும் சேர்ந்த நாட்களில் வரும் கருகல் நோய். மூன்றுக்கும் காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத அடர்ந்த மரமே வசதியான இடமாகிறது. அறுவடை முடிந்தவுடன் மரத்தின் நடுப்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கிளைகளை வெட்டித் திறந்துவிட்டால், அடுத்த ஆண்டின் பாதித் தொல்லை அங்கேயே முடிந்துவிடும். சாம்பல் நோய் ஆண்டுதோறும் வருகிற மரமானால், மொட்டு விரிவதற்கு முன் நீரில் கலையும் தூளான நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வெயில் தணிந்த பின் தெளிக்கலாம். தத்துப்பூச்சிக்கும் அதே மொட்டுப் பருவத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும்.

ஓராண்டு கொட்டிக் கொட்டிக் காய்க்கிறது. அடுத்த ஆண்டு வெறுமனே நிற்கிறது. இது நோயா?

நோயல்ல. மாவின் பல வகைகளுக்கு இது இயல்பு. அதிகமாகக் காய்த்த ஆண்டில் மரம் சேமித்ததெல்லாம் காய்க்கே போய்விடுவதால், அறுவடைக்குப் பின் புதுத் தளிர் வந்து முதிர்வதற்கு நேரமும் வலுவும் இருப்பதில்லை. முதிர்ந்த தளிரின் நுனியில்தான் அடுத்த பூ வர வேண்டும். இதை முழுவதும் மாற்ற முடியாது, தணிக்க முடியும். காய்ப்பு மிகுந்த ஆண்டில் பிஞ்சிலேயே சிலவற்றைக் கிள்ளிவிடுங்கள். அறுவடை முடிந்த வாரத்திலேயே எருவும் நீரும் கொடுங்கள். வளர்ச்சியை ஒடுக்கிப் பூக்க வைக்கும் இரசாயனங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றிரண்டு மரங்கள் வைத்திருப்பவருக்கு அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அளவு சிறிது கூடினாலும் மரம் குறுகிப்போய் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

நன்றாகத் தழைக்கிறது, ஆனால் பூக்கவே இல்லை.

நிழலும், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுவதும்தான் வழக்கமான காரணங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத இடத்தில் பழமரம் இலையை மட்டுமே வளர்க்கும். சமையலறைக் கழிவு, யூரியா, கோழி எரு என்று ஓயாமல் கொடுக்கப்படும் மரமும் அப்படியே. ஓர் ஆண்டுக்கு உரத்தை நிறுத்திப் பாருங்கள். கொய்யா புதிதாக வரும் துளிரில் பூப்பது என்பதால், கிளை நுனிகளை ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டாலே பல மரங்கள் பூத்துவிடும். அதே வெட்டை மாமரத்துக்குப் பூக்கும் பருவத்துக்குச் சற்று முன் கொடுத்தால் அந்த ஆண்டின் காய்ப்பு முழுவதும் போய்விடும்.

பப்பாளியானால் அது ஆண் மரமா என்று பாருங்கள். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூக்கள் ஆண் பூக்கள். இதனால்தான் ஒரு குழியில் மூன்று நான்கு நாற்றுகளை நட்டு, பூத்தபின் வேண்டாதவற்றை நீக்குகிறோம்.

இலைகள் மஞ்சளாகின்றன. எந்த உரம் போட வேண்டும்?

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் சொல்லுங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையின் ஓரங்கள் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக எஞ்சினால் மெக்னீசியக் குறைவு. நுனித் தளிர் வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு அல்லது துத்தநாகம் கிடைக்கவில்லை. ஆனால் மண்ணில் அவை இல்லை என்பது பொருளல்ல. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், நீர் தேங்கிய மண்ணிலும், சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. அந்த நிலையில் உரத்தைக் கூட்டுவது வீண். வடிகாலைச் சரிசெய்து, நன்கு மக்கிய எருவை இட்டு, உடனடித் தேவைக்கு மட்டும் நுண்ணூட்டக் கரைசலை இலைவழி கொடுங்கள்.

எலுமிச்சை வகைகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நடுநரம்பின் இருபுறமும் ஒத்திராமல் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரிந்து, காய்களும் கோணலாகச் சிறுத்தால், அது சிறு பூச்சி பரப்பும் பசுமையாதல் நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து இல்லை.

இளம் எலுமிச்சை இலைகளில் வெள்ளிக் கோடுகள் இருக்கின்றன. சில இலைகளை ஏதோ தின்றுவிட்டது.

கோடு போடுவது இலைத் துளைப்பான் புழு. கெட்ட இலைகளையெல்லாம் கிள்ளி எறியாதீர்கள். கிள்ளினால் புதுத் தளிர் வரும். புழுவுக்கு வேண்டியதே அதுதான். வளர்ந்த மரம் இதைப் பொருட்படுத்தாது. இலையைத் தின்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும், பிறகு பச்சையாகவும் இருக்கும். சிறு கன்றை இரண்டே நாட்களில் மொட்டையாக்கிவிடும் என்பதால், காலையில் பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள்.

கொய்யாவும் மாம்பழமும் வெளியே நன்றாக இருக்கின்றன, வெட்டினால் உள்ளே புழு.

பழ ஈயின் வேலை. ஈ முதிரும் காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு உள்ளே வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. எனவே புழு உள்ளே போனபின் மரத்துக்கு மருந்தடிப்பதால் பயனில்லை. இதன் சங்கிலியை அறுக்கும் இடம் தரையே. விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். எருக்குழியின் மேல் வீசுவது ஈயை நீங்களே வளர்ப்பதற்குச் சமம். மீத்தைல் யூஜினால் என்னும் வாசனைப்பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும். ஈயின் வரவைத் தெரிந்துகொள்ளவும் ஓரளவு குறைக்கவும் அது உதவும். உறுதியான காப்பு, காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகத் துணிப்பை அல்லது காகிதப்பை கட்டுவதுதான். மாதுளையில் துளையிடும் காய்ப்புழுவுக்கும், அணிலுக்கும் கிளிக்கும்கூட இதுவே பெரும்பாலும் போதும்.

கிளைகளில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது, இலைகள் கருத்துவிட்டன.

மூன்றும் ஒரே தொடர். பஞ்சு போலிருப்பது மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீரை எறும்பு உண்கிறது. அதற்காகவே பூச்சியின் எதிரிகளை அண்டவிடாமல் விரட்டுகிறது. மீந்த இனிப்பில் கரும்பூசணம் படர்கிறது. எறும்பைத் தடுத்தால் பொறிவண்டுகள் வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். தண்டில் பட்டையாகப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். தரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். பூச்சி அடர்ந்த இடத்தில் நீரைப் பீய்ச்சியடித்து, ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

மாதுளை பழுக்கும் முன்பே வெடித்துவிடுகிறது.

நீர் சீராக இல்லாததே முதன்மைக் காரணம். வறண்டிருந்த மண்ணில் திடீரென மழையோ பாசனமோ வந்தால் உள்ளே இருக்கும் முத்துகள் பருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காது. காய் பிடித்ததிலிருந்து பறிக்கும் வரை ஒரே சீராக நீர் விட்டு, மூடாக்கும் இட்டால் வெடிப்பு வெகுவாகக் குறையும். போரான் குறைவாலும் வெடிப்பது உண்டு.

மாமரத்தின் தண்டில் துளை. அடியில் மரத்தூள் கொட்டுகிறது.

தண்டுத் துளைப்பான் வண்டின் புழு உள்ளே இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள். நுனி வளைத்த கம்பியைத் துளைக்குள் விட்டுப் புழுவைக் குத்தி இழுங்கள். பிறகு துளையைக் களிமண்ணால் அடையுங்கள். சில நாட்களில் புதிய தூள் கொட்டினால் புழு இன்னும் உள்ளது என்று பொருள். மீண்டும் செய்ய வேண்டும்.

புயலில் மரம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தினால் பிழைக்குமா?

இளமரமானால், ஓரிரு நாட்களுக்குள் செய்தால், பெரும்பாலும் பிழைக்கும். வெளியே தெரியும் வேர்களை உடனே ஈரச்சாக்கால் மூடுங்கள். சிதைந்த வேர்களைச் சீராக வெட்டி, கிளைகளில் ஏறத்தாழப் பாதியைக் குறைத்து, பிறகு மெல்ல நிமிர்த்தி மூன்று பக்கமும் முட்டுக் கொடுங்கள். இலையைக் குறைக்க மனம் வராமல் விட்டால், அறுபட்ட வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாமல் மரம் முழுவதும் காயும். திடீரென வெயில் படும் கிளைகளுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். பெரிய மரத்தை முழுவதும் நிமிர்த்த முயன்று எஞ்சிய வேரையும் அறுப்பதைவிட, சாய்ந்தபடியே விட்டுச் சுமையைக் குறைப்பது பல நேரங்களில் மேல்.

வெட்டுவாய்களுக்குப் போர்டோ பசை என்னும் பூஞ்சைத் தடுப்புப் பூச்சைத் தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைத் தனியே அரை லிட்டர் நீரிலும் கரைத்து, ஆறியபின் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கியபடியே ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே ஏற்றது. தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

எப்போது ஒரு மரத்தைக் கைவிட வேண்டும்?

பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் இலை முழுவதும் உதிர்ந்திருந்தாலும் உயிர் இருக்கிறது. நுனியில் காய்ந்திருந்தால் கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டு ஒரு பருவம் காத்திருங்கள். மாதங்கள் கழித்துத் துளிர்த்த மரங்களைப் பார்த்திருக்கிறேன்.

தயங்காமல் பிடுங்க வேண்டியவையும் உண்டு. இலைகள் தேமல் படர்ந்து சுருங்கி, காய்களில் வளையம் வளையமாகப் புள்ளி தெரியும் பப்பாளி அவற்றில் முதன்மையானது. இது அசுவினி என்னும் சிறு பூச்சி பரப்பும் நச்சுயிரி (வைரஸ்) நோய். குணமாகாது, பக்கத்து மரத்துக்கும் போகும். காய் இருக்கிறதே என்று பார்க்காமல் வேரோடு எடுத்துவிடுங்கள். பசுமையாதல் நோய் உறுதியான எலுமிச்சைக்கும் இதுவே. நச்சுயிரியால் போன பப்பாளியின் இடத்தில் வேறு எந்தப் பழமரத்தையும் உடனே நடலாம். வேரழுகலால் போன மரத்தின் இடத்தில் மட்டும், பழைய வேர்களைத் தோண்டி எடுத்து, குழியைக் கோடை வெயிலில் திறந்துவைத்து, நீர் இறங்குகிறதா என்று நிரப்பிப் பார்த்த பிறகே அடுத்த கன்றை வாங்கப் போங்கள்.